கதவைத் திறக்க ரசிகர் தேவை

கலங்கரை விளக்கத்துக்குள் கரண்டி மாட்டிக்கொண்டு நாற்பத்தொரு நாள் ஆன பிறகு, ‘ஏழு தீவு’ கணினி விளையாட்டை நடத்தும் நிறுவனம் முதன்முறையாக வாய் திறந்தது. கதவு ஏன் திறக்கவில்லை என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டை இயக்கும் மூலநிரலில் இருக்கும் குறைகளை இனிமேல் ரசிகர்களே தொண்டாகச் சரிசெய்து தரலாம் என்று அறிவித்தது. இருபத்தேழு வருடம் ஓர் எழுத்துகூட மாறாமல் கட்டிக்காத்த நிரலை ரசிகர்கள் கையில் கொடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும் என்றும், அந்த மனது தங்களிடம் இருப்பதாகவும் அறிவிப்பின் கடைசிப் பத்தி ஒப்புக்கொண்டது.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் அவள், அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் ஒன்றைப் படித்து முடிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. முந்நூற்றுப் பதினான்கு பேருந்துகள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் தீர்மானிப்பாள். அந்த அட்டவணைகளுக்காகக் கொஞ்சம் நிரல் எழுதவும் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலி பத்து வருடமாகப் புதிதாகவே இருந்தது.

‘ஏழு தீவு’ பழைய விளையாட்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் கணினி வழியாக அதற்குள் வந்து மீன் பிடிப்பார்கள், படகு ஓட்டுவார்கள், வலை பின்னுவார்கள். அதில் அவள் பெயர் சுண்டெலி. கரண்டி என்பவன் கலங்கரை விளக்கத்தின் காவலாள். காலையில் உள்ளே போய் விளக்கைத் துடைப்பான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தானாகத் திறந்ததும் வெளியே வருவான். ஏழு மணிக்குப் படகுத்துறையில் சுண்டெலியின் பக்கத்தில் வந்து உட்காருவான்.

“காத்து எந்தப் பக்கம்?” என்று கேட்பாள் சுண்டெலி.

“தெற்கு,” என்பான் கரண்டி. அல்லது மேற்கு.

பிறகு மீனைப் பற்றிப் பேசுவார்கள். எட்டு மணிக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

விளையாட்டுக்கு வெளியே கரண்டி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நான்கு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு ஊரில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் வேலை. இருவரும் நேரில் பேசி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னால், “இவ எதையும் முழுசா முடிக்க மாட்டா, முக்கால்வாசியில எழுந்து போயிடுவா” என்று அவன் தமாஷாகச் சொன்னான். கடைசித் தேர்வில் அவன் மூன்று தடவை கோட்டை விட்ட கதையை அவளும் தமாஷாகவே சொன்னாள். சாப்பாடு பரிமாறுவதற்குள் அவன் ரயில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை. ஒரு நாள் படகுத்துறையில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது ஒருவர் காற்றைக் கேட்டார், மற்றவர் பதில் சொன்னார். யார் யார் என்று இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

இப்போது கதவு திறக்கவில்லை. அந்த விளையாட்டில் பேச்சு சுவரைத் தாண்டாது.

“ஒரு போன் பண்ணிடேன்,” என்றார் அவள் கணவர்.

“யாருக்கு?”

“அதான், உள்ள மாட்டியிருக்காரே…”

“எனக்குக் கதவு திறந்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டு அவள் விண்ணப்பத்தை நிரப்பப் போனாள்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ‘நீங்கள் இந்த விளையாட்டை நேசிக்கிறீர்களா? ஆம் எனில், எவ்வளவு?’ என்பது முதல் கேள்வி. ‘இதில் குறை ஏதும் இருப்பதாக நினைக்கிறீர்களா?’ என்பது கடைசிக் கேள்வி. இருக்கிறது என்று எழுதினால் நேசம் போதாது. இல்லை என்று எழுதினால் திருத்த வேலையில்லை. ‘இருக்கலாம்; இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும்’ என்று எழுதினாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது.

நிறுவனம் ஒரு பழைய கட்டடத்தின் நான்கு தளங்களில் இருந்தது. தொண்டர் நல அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. எதைச் சொன்னாலும் சிரித்த முகமாகச் சொன்னார். அவர் மேஜையில் மூன்று முத்திரைகள் இருந்தன. மூன்றிலும் ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது. ஒன்று தேய்ந்தால் இன்னொன்று வேண்டுமே.

“நீங்க ஏன் இதுல சேரணும்னு நினைக்கறீங்க?”

“கலங்கரை விளக்கத்தோட கதவு திறக்க மாட்டேங்குது.”

“அது புகார்மா. புகாரெல்லாம் கீழ்த் தளம். நான் நேசத்தைக் கேட்கறேன்.”

“நேசிக்கறதாலதான் திறக்கணும்னு சொல்றேன்.”

“நேசிக்கறவங்க திருத்தணும்னு நினைப்பாங்களா? எங்க வீட்டுக்காரரை நான் முப்பது வருஷமா நேசிக்கறேன். அவர்கிட்ட ஒரு குறையைக்கூட திருத்தினதில்ல.”

“அவர்கிட்ட குறை இருக்கா?”

“ஏகப்பட்டது,” என்றார் அதிகாரி, பெருமை பொங்க.

நேசத்தில் அவளுக்கு இருபதுக்குப் பதினெட்டு கிடைத்தது. அவள் நேர்முகம் முழுக்க நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அதை அதிகாரி ஆர்வம் என்று குறித்துக்கொண்டார்.

பயிற்சி மூன்று நாள். அவளோடு இருபத்திரண்டு ரசிகர்கள் இருந்தார்கள். முதல் நாள் நிறுவனத்தின் வரலாறு. அதில் பெரும்பகுதி கட்டடத்தின் வரலாறு. இரண்டாம் நாள் தொடாமைப் பயிற்சி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு விசைப்பலகையை வைத்தார்கள். அதன் வயர் எதிலும் சொருகப்படவில்லை. ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோராவது நிமிடத்தில் அவள் விரல்கள் தானாகப் போய்த் தாளம் போட்டன. மறுதேர்வு வைத்தார்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முந்நூற்றுப் பதினான்கு பேருந்துகளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டு, எப்படியோ தேறினாள்.

மூன்றாம் நாள் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நின்று சொன்னார்கள்: “நிரலைப் பார்ப்பேன், அறிய மாட்டேன். அறிந்தால் மறப்பேன். மறக்க முடியாவிட்டால் எழுத்து மூலம் தெரிவிப்பேன்.”

“எதைத் தெரிவிக்கணும்?” என்று பின்வரிசையில் ஒரு பல் மருத்துவர் கேட்டார்.

“எதை மறக்க முடியலையோ அதை,” என்றார் அதிகாரி.

“அதை எழுதினா அது வெளிய வந்துடாதா?”

அதிகாரி சிரித்த முகத்தோடு அவர் பெயரை அடித்துவிட்டார். ஐயப்படுபவர்கள் ரசிகர்களாக முடியாது என்று விதி இருந்தது.

மூலநிரல் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தது. அதற்கு ஒரு காப்பாளர். இடுப்பில் சாவிக்கொத்து, காலில் சத்தம் வராத செருப்பு. நடுவில் தடித்த கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு திரை. திரையில் நிரலின் ஒரே ஒரு வரி தெரிந்தது. அடுத்த வரியைப் பார்க்க ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகக் கொடுக்க வேண்டும். காப்பாளர் சீட்டைப் படித்து, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஒரு பொத்தானை அழுத்துவார்.

“ரெண்டு வரியைச் சேர்த்துக் காட்டுங்களேன்,” என்றாள் அவள், ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றபடி.

“சேர்த்துப் பார்த்தா சம்பந்தம் புரிஞ்சிடும். சம்பந்தம் புரிஞ்சா ரகசியம் போச்சு.”

“சம்பந்தம் புரியாம எப்படிங்க திருத்தறது?”

“அதுக்குத்தான் ரசிகர்களைக் கூப்பிட்டிருக்கு. புரிஞ்சவங்களை வெச்சுத் திருத்தறதுன்னா நாங்களே திருத்தியிருக்க மாட்டோமா?”

“நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

காப்பாளர் நெஞ்சை நிமிர்த்தினார். “இருபத்திரண்டு வருஷமா காவல் காக்கறேன். ஒரு வரி படிச்சதில்ல. படிச்சா நான் காப்பாளர் இல்லையே, வாசகர் ஆயிடுவேனே.”

குறிப்பெடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் மனதுக்குள் பேருந்து ஓட்டக் கூடாது என்று விதி இல்லை. அவள் ஒவ்வொரு வரியையும் ஒரு பேருந்தில் ஏற்றினாள். பத்தாம் எண் பேருந்தில் ஏறிய வரி எங்கே இறங்குகிறது, அங்கிருந்து எது கிளம்புகிறது என்று தலைக்குள்ளேயே அட்டவணை போட்டாள். பணிமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் காலையில் இரண்டு மணி நேரம். கால் கடுத்தது, உட்கார்ந்தால் இன்னும் கடுத்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் காப்பாளர் சீட்டை மடிக்கும் அந்த நாற்பது விநாடி அவளைக் கொன்றது. பதினாறாம் நாள் காலையில், நூற்றுப் பன்னிரண்டாம் எண் பேருந்து எங்குமே போய்ச் சேரவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள்.

விஷயம் சின்னது. விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து அது ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. எண்ணை எழுத நான்கு கட்டங்கள் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது நாளுக்கு அடுத்த நாளை எழுத இடமில்லாமல், அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டது. கடைசியாகத் திறந்த நாளைவிட இன்றைய எண் பெரிதாக இருந்தால்தான் கதவு திறக்கும். இன்றைய எண் எழுபத்துச் சொச்சம். கதவு ஒழுங்காகத்தான் இருந்தது. பெரிய எண்ணுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

பணிமனையில் பயணச்சீட்டு எண்களுக்கு இதே கோளாறு வந்திருக்கிறது. கட்டத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் மாடிக்கு ஓடினாள்.

நிரலில் செய்யும் திருத்தத்துக்கு நிறுவனம் ‘ஒட்டு’ என்று பெயர் வைத்திருந்தது. ஒட்டு விண்ணப்பத்தில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று எழுத வேண்டும். வரியின் எண் ரகசியம் என்பதால் அதை எழுதக் கூடாது. ‘கதவு பற்றிய வரி’ என்று எழுதினாள். நிரலுக்குள் கதவு இருப்பது வெளியாகிறது என்று திரும்பி வந்தது. ‘ஒரு வரி’ என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள். திருத்தத்தைத் தனி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அதை வேறொரு கிளை அலுவலகத்தில் இருக்கும் இன்னொரு ரசிகர் மட்டும் பிரித்துச் சரிபார்ப்பார்.

“யார் அவர்?”

“அது உங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்க யாருன்னு அவருக்கும் தெரியக் கூடாது. அப்பதான் நடுநிலைமை,” என்றார் தொண்டர் நல அதிகாரி. “ரெண்டு பேருக்கும் எதைப் பத்திப் பேசறோம்னும் தெரியாம இருந்தா இன்னும் நல்லது. அதை அடுத்த கட்டத்துல கொண்டுவரோம்.”

ஒன்பது நாள் கழித்து உறை திரும்பி வந்தது. குறிப்புக்கான இடத்தில் பொடிப்பொடியான, அச்சு மாதிரி எழுத்தில் இப்படி இருந்தது: ‘நான்கு கட்டத்தை ஐந்தாக்கியிருக்கிறார். கதவு திறக்கும். ஆனால் இருநூற்று நாற்பத்தாறு வருடம் கழித்து மறுபடி பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு உள்ளே இருப்பவன் என்ன செய்வான்? முக்கால்வாசி வேலை.’

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து எழுதினாள்: ‘அன்றைக்கு உள்ளே இருக்கப்போவது தாங்களும் அல்ல, நானும் அல்ல. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.’

பதில் வந்தது: ‘யாராக இருந்தால் என்ன? இம்மி பிசகினாலும் பிசகுதான். எப்போதும்போல் முக்கால்வாசியில் எழுந்து போகிறீர்கள்.’

எப்போதும்போல்.

அவள் அந்த வார்த்தையை மூன்று தடவை படித்தாள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதுகிற வார்த்தை இல்லை அது. ‘ழ’வின் வாலைப் பார்த்தாள். கீழே இறங்கி, இடது பக்கம் வளைந்து, தேவையில்லாமல் ஒரு சுழி சுழித்திருந்தது, அண்ணன் சின்ன வயதிலிருந்தே போடுகிற மாதிரி. உள்ளே மாட்டிக்கொண்டவனும் ரசிகன்தானே. அவனும் விண்ணப்பித்திருக்கிறான், அவனும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த அலுவலகத்து நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு பேனாவை எடுத்து, குறிப்புக்கான இடத்தில் எழுதினாள்:

‘காற்று எந்தப் பக்கம்?’

ஒரு வாரம் அவள் பணிமனையில் ஒரு அட்டவணையும் உருப்படியாகப் போடவில்லை. ஏழாம் எண் பேருந்தும் பதினேழாம் எண் பேருந்தும் ஒரே நிமிடத்தில் ஒரே நிறுத்தத்தில் வந்து நின்றன. எட்டாம் நாள் உறை வந்தது.

‘தெற்கு. மீன் இல்லை.’

அதன் பிறகு உறைகள் வேகமாகப் போய் வந்தன. திருத்தத்தை அவள் மறுபடி எழுதினாள். கட்டமே இல்லாமல், எண் எவ்வளவு வளர்ந்தாலும் இடம் இருக்கும்படி. ‘இது முழுசு’ என்று அவன் ஒப்புக்கொண்டான். ஆனாலும் ஏதாவது ஒரு காற்புள்ளியைக் காட்டித் திருப்பி அனுப்பினான். அவளும் ஏதாவது ஒரு காற்புள்ளியை விட்டுவைத்து அனுப்பினாள்.

‘உள்ளே சலிப்பாக இருக்கிறதா?’

‘படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நூற்று எண்பத்தாறு.’

‘நான் எண்ணியபோது நூற்று எண்பத்தேழு.’

‘வாசற்படியையும் சேர்த்திருப்பாய்.’

சேர்த்திருப்பீர்கள் என்று இல்லை. சேர்த்திருப்பாய். மரியாதை போய்விட்டது. அவள் அந்தக் காகிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனாள், பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லாமல்.

அடுத்த திங்கட்கிழமை ‘ஏழு தீவு’க் கடலில் ஒரு மீன்கூட இல்லை.

காற்று தெற்கிலிருந்து மட்டும் வீசியது. காலையிலும் தெற்கு, மாலையிலும் தெற்கு. பாய்மரப் படகுகள் அத்தனையும் வடக்குத் தீவுக்கு ஒதுங்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, திரும்பி வர வழியில்லாமல் நின்றன. நாற்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் புகார் எழுதினார்கள். கலங்கரை விளக்கத்தில் ஒரு படி காணாமல்போயிருந்தது.

அவள் தொண்டர் நல அதிகாரியின் அறைக்குள் கதவைத் தட்டாமலேயே நுழைந்தாள்.

“மீனெல்லாம் எங்க?”

“வாங்க, வாங்க!” அதிகாரி எழுந்து கைகொடுத்தார். “உங்க ரெண்டு பேரோட குறிப்புகளும் தொழில்நுட்பக் குழுவுக்குப் போச்சு. எவ்வளவு தெளிவு! ‘தெற்கு. மீன் இல்லை.’ மூணே வார்த்தை. உடனே அமல்படுத்திட்டாங்க.”

“அது திருத்தம் இல்லம்மா! சும்மா பேசிக்கிட்டது!”

“சும்மா பேசினதா? முத்திரை வெச்ச உறையில வந்திருக்கே? படியிலகூட உங்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருந்துச்சு. ஒரு துணைக்குழு போட்டு, ஒரு படியை எடுத்துட்டோம்.”

“அப்ப கதவு?”

“அது கொஞ்சம் தாமதம். நீங்க எழுதின திருத்தம் யாருக்கும் புரியலையாம். காத்து, மீன், படி எல்லாம் புரிஞ்சுது. புரிஞ்சதை முதல்ல பண்றதுதானே முறை?”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கால் தானாக ஆடியது.

இருந்தாலும் புகார்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டியதால் நிறுவனத்துக்கு அவசரமாக ஒரு வெற்றி தேவைப்பட்டது. கதவைத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. விழா ஏற்பாடானது. திருத்தம் எழுதியவரும் சரிபார்த்தவரும் மேடையில் கையெழுத்திட, இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்துவார். மாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும்.

அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவள் மூன்று மணிக்கே போய், மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூன்றரைக்குக் கதவு திறந்து அவன் உள்ளே வந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடியின் தடம் ஆழமாக விழுந்திருந்தது. அவளைப் பார்த்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

“மூணு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது,” என்றான்.

“ரெண்டரை,” என்றாள் அவள்.

அவன் ஒரு மூலையில் உட்கார்ந்தான். அவள் நடந்தாள்.

இயக்குநர் நல்ல குரல்வளம் உள்ளவர். “நண்பர்களே! இருபத்தேழு வருஷமா இந்த விளையாட்டுல ஒரு குறையைக்கூட நாங்க திருத்தினதில்ல. எத்தனை பேர் கேட்டாங்க, கெஞ்சினாங்க, மிரட்டினாங்க! அசைஞ்சோமா? அந்தக் கட்டுப்பாடு இன்னைக்கு எந்த நிறுவனத்துக்கு இருக்கு? எங்க ஊழியர்கள்ல யாருக்கும் இந்த நிரல் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். அவரை ரொம்ப மரியாதையா அனுப்பிட்டோம். ஏன்னா, இந்த விளையாட்டு எங்களோடது இல்ல, உங்களோடது! குறைகளும் உங்களோடதுதான்! லாபம் மட்டும்தான் நிர்வாக வசதிக்காக எங்ககிட்ட இருக்கு!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். காப்பாளர் ஒரு தட்டில் பேனாவும் ஒரு தாளும் கொண்டுவந்தார். தாளை நீட்டும்போது இயக்குநரின் காதில் மெல்ல, ஆனால் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், சொன்னார்: “ஐயா, ரெண்டு பேரோட அடையாளச் சீட்டிலயும் அப்பா பேரு ஒண்ணா இருக்கு.”

“ஒரே பேர்ல ரெண்டு அப்பா இருக்கக் கூடாதா?” என்றார் இயக்குநர். “நாம எதுக்கு அதுக்குள்ள போறோம்? கையெழுத்து இருந்தாப் போதும்.” அவர்கள் பக்கம் திரும்பி, “சின்ன சம்பிரதாயம். போட்டுடுங்க, திறந்துடலாம்,” என்றார்.

தாளில் ஒரே வரிதான் இருந்தது: ‘மேற்படி நபருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.’

ஐந்து மணிக்கு நான்கு நிமிடம். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். கதவு பூட்டிக்கொண்டு நூற்று முப்பது நாள். கண்ணாடிச் சுவர், சீட்டு, உறை, முத்திரை எல்லாம் இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான். அதுவும், எட்டு வருடமாக அவள் வாழ்ந்து காட்டிக்கொண்டிருந்த வாக்கியம்தான். யார் கேட்டாலும் அண்ணன் இருக்கிறான் என்று அவள் சொன்னதில்லை. மகன் பிறந்தபோதுகூடச் சொல்லியனுப்பவில்லை. அத்தனை வருடம் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒருவர் தாளில் அடித்து, கீழே கோடு போட்டு, இங்கே கையெழுத்திடு என்று நீட்டும்போது பேனா இறங்கவில்லை. அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

“நீ முதல்ல போடு.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். தாளை எடுத்து, இருக்கிற ஒரு வரியை, ஒரு பக்கம் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு படித்தான். இயக்குநரின் விரல் பொத்தானின் மேல் காத்திருந்தது.

“இதுல பிழை இருக்கு,” என்றான்.

“என்ன பிழை?”

“எந்த உறவும் இல்லைன்னு போட்டிருக்கு. தப்பு. இவ என் தங்கச்சி. கூடப்பிறந்தவ.”

ஒலிவாங்கி கொஞ்சம் இரைந்தது.

“சார், நல்லா யோசிங்க,” என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. “உறவுன்னா ஒட்டு செல்லாது. கதவு திறக்காது. உள்ள இருக்கறது நீங்கதானாமே?”

“நான்தான்.”

“பத்தொன்பது வருஷமா ஆடறீங்களாம். எல்லாம் போயிடும்.”

“போகட்டும் சார். தப்பாப் போட்ட தாள்ல என்னால கையெழுத்துப் போட முடியாது. தொழில் அப்படி.” அவள் பக்கம் திரும்பி, “இல்ல, உனக்கு ஓகேன்னா நீ போட்டுக்கோ,” என்றான்.

அவள் பேனாவைத் தட்டில் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டாள்; அது உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தது.

இயக்குநர் அனுபவசாலி. இரண்டே விநாடிதான் தடுமாறினார். ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு, உலகத்தில் திறக்கிற கதவுகள் எத்தனையோ உண்டு, ஆனால் ரசிகர்களின் உழைப்பால் திறக்காமல் நிலைநிறுத்தப்பட்ட கதவு இது ஒன்றுதான் என்று அறிவித்தார். இன்று முதல் அது பாதுகாக்கப்பட்ட கதவு. அதன் முன்னால் ஒரு பலகை வைக்கப்படும். முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சரியாக ஐந்து மணிக்கு அவர் பொத்தானை அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை. வெற்றி என்றார்.

தொண்டர் நல அதிகாரி வாசல்வரை வந்து இருவரின் அடையாளச் சீட்டையும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. “பதினெட்டு மார்க் போட்டேனே உங்களுக்கு,” என்றார். பிறகு, உறவினர் இல்லாத ரசிகர்களை வைத்துத் திட்டம் தொடரும் என்றும், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அனுப்பிவைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அலுவலகம் விட்ட கூட்டம் நடைபாதையில் மோதிக்கொண்டு போனது. இருவரும் அதன் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

“அறிவிருக்கா உனக்கு?” என்றாள் அவள். “ஒரு கையெழுத்து. திறந்திருக்கும். அப்புறமாச் சண்டை போட்டிருக்கலாம்.”

“நீயே போட்டிருக்க வேண்டியதுதானே. பேனா உன் கையிலதானே இருந்துது.”

“உன்னைப் போடச் சொன்னேன்.”

“எட்டு வருஷத்துல, காத்தைத் தவிர, என்கிட்ட கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதையும் தப்பாக் கேட்டே.”

அவள் அவனை முறைத்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். “பையன் பிறந்திருக்கான்னு ஊர்ல சொன்னாங்க. பேரு என்ன?” என்று தெருவைப் பார்த்துக் கேட்டான்.

சொன்னாள்.

“எழுதும்போது ‘ழ’ வருமா?”

“வராது.”

“பரவால்ல,” என்றான். “பசிக்குது. எங்கயாவது போய் உட்காரலாமா? உனக்கு உட்கார வருமா?”

எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு வருவதற்குள் கட்டமே இல்லாத எண் நிஜமாகவே முடிவில்லாததா என்பதில் சண்டை தொடங்கி, பரிமாறுகிறவர் தட்டை வைக்க இடமில்லாதபடி இருவரும் காகிதக் கைக்குட்டைகளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போன் மூன்றாவது தடவையாக அடித்தபோதுதான் எடுத்தாள்.

“எங்க இருக்கே? விழா முடிஞ்சுதா? கதவு திறந்துச்சா?” என்றார் கணவர்.

“திறக்கல. நான் வர லேட்டாகும். அண்ணனோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“எந்த அண்ணன்?”

“எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?” என்று எரிந்து விழுந்தாள் அவள். “ஒரே ஒருத்தன். போனை வைங்க, தப்புத் தப்பாக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான்.”